பதினொன்று வரவில்லை

மார்ச் 2

அண்ணா,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. உயிரோடு இருக்கிறேன், வேலைக்குப் போகிறேன், சாப்பிடுகிறேன். அதுவரைக்கும் பொய்யில்லாமல் எழுதலாம்.

நாம் பேசி ஏழு மாதம் ஆகிறது. போனை நான்தான் வைத்தேன். "புருஷன் பொண்டாட்டியத் தேடுறது ஒரு குத்தமா?" என்று நீ கேட்டாய். அந்தக் கேள்வி இன்னும் எனக்கு ஆறவில்லை. இருந்தாலும் உனக்குத்தான் எழுதுகிறேன். கூடப் பிறந்தவன் நீ ஒருத்தன். எனக்குத் தெரிந்தவர்களில் இன்டர்நெட்டில் வேலை பார்க்கிறவனும் நீ ஒருத்தன்தான்.

அந்த ஆள் என்னை இரண்டு தடவை கண்டுபிடித்துவிட்டான். முதல் தடவை என் போனே காட்டிக்கொடுத்தது. சரி என்று போனைத் தலைமுழுகிவிட்டு வேறு ஊருக்குப் போய் ஒரு புத்தக பைண்டிங் கடையில் சேர்ந்தேன். அங்கே ஒரு பெண்ணுக்குப் பிறந்தநாள். கேக் வெட்டும்போது யாரோ படம் எடுத்து எதிலோ போட்டுவிட்டார்கள். அதில் ஓரமாக என் பாதி முகம், பின்னால் கடையின் போர்டு. அவ்வளவுதான்.

ஒரு நாள் சாயங்காலம் அறைக்குத் திரும்பினேன். பூட்டு பூட்டியபடியே இருந்தது. திறந்தால் உள்ளே கட்டிலில் உட்கார்ந்து என் துணிகளை மடித்துக்கொண்டிருக்கிறான். பின்பக்க ஜன்னல் வழியாக வந்திருக்கிறான். "எவ்ளோ நாளைக்கு இப்படிக் கஷ்டப்படுவ, வா, வீட்டுக்குப் போகலாம்" என்று பொறுமையாகச் சொன்னான். அந்தப் பொறுமைக்கு அப்புறம் என்ன வரும் என்பது என் இடது மணிக்கட்டுக்குத் தெரியும். டீ போடுகிறேன் என்று எழுந்து, செருப்புகூடப் போடாமல் ஓடினேன். பிறகுதான் தெரிந்தது, எதிரே இருந்த கடையில் ஒன்பது நாள் உட்கார்ந்து நான் போவதையும் வருவதையும் பார்த்திருக்கிறான். உடனே கதவைத் தட்டுகிற ஆள் இல்லை அவன்.

இப்போது ஒரு சலவை நிலையத்தில் வேலை. ஆஸ்பத்திரி, ஹோட்டல், வீடுகள் என்று எல்லாத் துணியும் இங்கேதான் வரும். கவருக்குப் பின்னால் விலாசம் இருக்கிறது. அதிலிருக்கும் பெயர் என் பெயர் இல்லை, ஆனால் நான்தான்.

எனக்கு ஒன்று தெரியவேண்டும். இந்த இன்டர்நெட் என்பது என்ன? எங்கே இருக்கிறது? யார் அதற்கு முதலாளி? எந்த ஆபீசுக்குப் போய், யார் முன்னால் நின்று, என் பெயரையும் என் முகத்தையும் அழித்துவிடுங்கள் என்று கேட்பது? தெருவில் யாராவது போனைத் தூக்கினால் சுவரோரம் திரும்பிக்கொள்கிறேன். இப்படி எத்தனை நாள் முடியும் என்று தெரியவில்லை. மூன்றாவது தடவை நான் ஓட விடமாட்டான், அண்ணா.

படித்ததும் இந்தக் கடிதத்தை எரித்துவிடு. அண்ணியிடம்கூட விலாசத்தைச் சொல்லாதே.

தங்கச்சி

*

மார்ச் 8

சுண்டெலி,

உன்னை அப்படிக் கூப்பிட்டு எத்தனை நாள் ஆகிறது. கோபமா இருந்தாலும் இருந்துவிட்டுப் போ, நான் அப்படித்தான் கூப்பிடுவேன்.

நீ சொன்னபடி கடிதத்தை எரித்தாயிற்று. கொல்லைப்பக்கம் தகர டப்பாவில் போட்டுக் கொளுத்தினேன். உன் கையெழுத்தைப் பார்த்ததும் என்னவோ போல் ஆகிவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஏழு மாதத்துக்கு முன்னால் நான் கேட்டது தப்புதான். ஆனால் நீயும் மணிக்கட்டு விஷயத்தைச் சொல்லவில்லையே. குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்றுதானே சொன்னாய்?

இனி உன் கேள்வி. என் வேலை இடத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வெளியிலிருந்து பார்த்தால் மூடிப்போன குடோன் மாதிரி இருக்கும். உள்ளே போனால் குளிர், காது அடைக்கும் இரைச்சல், ஆள் உயர இரும்பு அலமாரிகள் வரிசையாக. ஒவ்வொன்றிலும் பெட்டிகள், அவற்றிலிருந்து மஞ்சள் மஞ்சளாக ஒயர். அந்த ஒயருக்குள் தலைமயிர் கனத்தில் கண்ணாடி இழை, அதற்குள் வெளிச்சம் அணைந்து அணைந்து எரிகிறது. நீ இன்டர்நெட் என்று சொல்கிறது அதுதான். பாதி தெருவுக்கு அடியில் ஓடுகிறது, பாதி கடலுக்கு அடியில். ஆகாயத்தில் இருப்பது சொற்பம். பல கம்பெனிகளுடைய ஒயர்கள் எங்கள் கட்டடத்தில் வந்து ஒன்றையொன்று தொடுகின்றன. ஒருத்தன் ஒயரை இன்னொருத்தன் ஒயரில் செருகுவதுதான் என் உத்தியோகம்.

முதலாளி என்று யாரும் இல்லை. ஆயிரக்கணக்கான வலைகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொந்தக்காரன். ஒரே பாஷையில் பேசிக்கொள்வோம் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அதனால் எல்லாவற்றையும் அழி என்று போய் நிற்க ஒரு வாசலும் கிடையாது.

செய்தி எப்படிப் போகிறது தெரியுமா? நீ ஒரு கடிதம் அனுப்பினால் அது முழுசாகப் போகாது. துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் போகிற விலாசமும் ஒரு நம்பரும் போட்டுவிடுவார்கள். ஒவ்வொரு துண்டும் கிடைத்த வழியில் போகும். ஒரு வழி அடைத்திருந்தால் வேறு வழி. அந்தப் பக்கம் நம்பர் பார்த்து அடுக்குவார்கள். ஏழு வரவில்லை என்றால், வந்ததை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். அனுப்பியவன் புரிந்துகொண்டு ஏழாவதை மறுபடி அனுப்புவான். நாமும் அப்படியே செய்வோம். இது என் 1. நீ அடுத்து எழுதுவது உன் 2. எது வந்தது என்று முதல் வரியில் எழுதிவிடு.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. எதைக் கழற்றுவதானாலும் முதலில் ஒரு படம் எடுத்துவிட வேண்டும். எந்த ஒயர் எந்த ஓட்டையில் இருந்தது என்று அப்புறம் விழிக்கக் கூடாதல்லவா? இருபது வருஷமாகக் கை அப்படியே பழகிவிட்டது. வீட்டில் குக்கர் மூடியைக் கழற்றுவதற்கு முன்னாலும் எடுக்கிறேன். "உங்க போன்ல மனுஷன் மூஞ்சியே கிடையாதா?" என்று உன் அண்ணி அலுத்துப்போய்ப் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

மாப்பிள்ளை போன வாரம் வந்திருந்தார். இளைத்துப்போயிருக்கிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை, பயப்படாதே. இன்டர்நெட் யாரையும் தேடாது. கம்பிக்குக் கண் கிடையாது.

அண்ணன்

*

மார்ச் 14

அண்ணா,

இது என் 2. உன் 1 வந்தது.

அந்த ஆளுக்கு டீ கொடுத்தீர்களா? பிஸ்கட்டும் வைத்தீர்களா? இளைத்துப்போயிருக்கிறாராம். எனக்கு முடி கொட்டி வகிடு அகன்றுபோயிருக்கிறது, அதைப் பார்க்கத்தான் ஆளில்லை.

நீ சொன்ன துண்டு விஷயம் மட்டும் சட்டென்று புரிந்துவிட்டது. இங்கேயும் அதேதான். ஒரு வீட்டு மூட்டை வந்தால் அப்படியே மெஷினில் போடமாட்டோம். வெள்ளை தனி, சாயம் போகிறது தனி, கம்பளி தனி. அதற்கு முன்னால் ஒவ்வொரு துணியிலும் நம்பர் துணுக்கு குத்தவேண்டும், அதுதான் என் வேலை. பிறகு ஒவ்வொன்றும் எங்கெங்கோ சுற்றி, எந்தெந்த வீட்டுத் துணியோடோ புரண்டு, கடைசி மேஜையில் நம்பர் பார்த்து ஒன்று சேரும். ஒரு காலுறை குறைந்தாலும் சூப்பர்வைசர் அக்கா மூட்டையைக் கட்ட விடமாட்டாள். "நம்பர் விட்டுப்போச்சுன்னா எங்கயோ யாரோ கை வச்சிருக்காங்கன்னு அர்த்தம். துணி தானா நடந்து போகாது" என்பாள். நாள் முழுக்கச் சோப்புத் தண்ணீரில் நின்று பாதம் நெருப்பாக எரிகிறது, தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு படுக்கிறேன். ஆனால் இங்கே யார் கையிலும் போன் இல்லை. ஈரம் பட்டுவிடும் என்று வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். நான் இங்கே சேர்ந்ததே அதற்குத்தான்.

கம்பிக்குக் கண் கிடையாது என்கிறாய். அப்படியென்றால் ஒரு கேக் படம் எப்படி அவன் கைக்குப் போயிற்று? கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிடுகிற ஒரு சாமானை எந்தப் புண்ணியவான் செய்தான்? பூட்டு என்று ஒன்று இருப்பது அவனுக்குத் தெரியாதா? இதை மட்டும் எனக்குச் சொல். எப்படி உண்டாயிற்று என்று தெரிந்தால் எங்கே தப்பலாம் என்று தெரியும்.

வழி அடைத்தால் வேறு வழி என்றாயே, நமக்கும் ஒன்று வேண்டும். இந்த விலாசம் கெட்டுப்போனால் நீ எழுதவேண்டிய இடம் ஒரு தபால் நிலையம். ஊர்ப் பெயரை எழுதமாட்டேன். சின்ன வயதில் அப்பா நம்மை ஏற்றாமல் பெட்டிகளை மட்டும் ரயிலில் ஏற்றிவிட்டாரே, அன்றைக்கு ஸ்டேஷன் பக்கத்துத் தபால் நிலையத்தில், நின்றுபோன கடிகாரத்துக்குக் கீழே நாள் முழுக்க உட்கார்ந்திருந்தோமே, அதுதான். வாங்க வரும்வரை வைத்திருக்கவும் என்று கவரில் எழுதி, என் இந்தப் பெயரைப் போடு.

இங்கே மாடிப்படிக்குக் கீழே வரிசையாகத் தபால் பெட்டிகள். என்னுடையதற்குப் பூட்டு உடைந்திருக்கிறது. வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

எரித்துவிடு.

தங்கச்சி

*

மார்ச் 20

சுண்டெலி,

இது என் 2. உன் 2 வந்தது, எரித்தாயிற்று.

டீ கொடுத்தது உன் அண்ணி. பிஸ்கட் நான்தான் வைத்தேன், ஒத்துக்கொள்கிறேன்.

எப்படி உண்டாயிற்று என்று கேட்டாய். அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. கணினி என்றால் அன்றைக்கு ஒரு அறை முழுக்க இருக்கும். பெரிய ஆராய்ச்சிக்கூடங்களில் ஒன்றிரண்டு. ராணுவம் ஆதரித்தது, பல்கலைக்கழகக்காரர்கள் செய்தார்கள். ஒரு அதிகாரியின் அறையில் மூன்று தட்டச்சுக் கருவிகள் இருந்தன, மூன்று ஊரிலிருந்த மூன்று கணினிகளோடு பேச. ஒன்றுக்கு மற்றொன்றின் பாஷை தெரியாது. ஒரே கருவியில் எல்லாவற்றோடும் பேசினால் என்ன என்று அவருக்கு எரிச்சல் வந்தது. இன்டர்நெட் பாதி அந்த எரிச்சலில் பிறந்ததுதான்.

முதல் நாள் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊர்க் கணினிக்கு ஐந்து எழுத்து ஆங்கில வார்த்தை ஒன்றை அனுப்பப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் காதில் டெலிபோன். முதல் எழுத்தை அடித்துவிட்டு, வந்ததா என்று கேட்டார்கள். வந்தது என்றார்கள். இரண்டாவது வந்ததா? வந்தது. மூன்றாவதை அடித்ததும் அந்தப் பக்கத்து இயந்திரம் படுத்துவிட்டது. உலகத்தின் முதல் செய்தி இரண்டே எழுத்து. அது போய்ச் சேர்ந்ததைச் சொன்னது டெலிபோன்.

அப்புறம் இன்னும் சில கூடங்கள் சேர்ந்தன. வெவ்வேறு வலைகள் வந்தன. எல்லாம் பேசிக்கொள்ள ஒரு பொது விதி எழுதினார்கள். கணினிகளின் பெயரெல்லாம் ஒரே ஆபீசில் ஒரே பட்டியலாக இருந்ததாம். புதிதாக ஒரு பெயர் சேர்க்கவேண்டும் என்றால் ஆபீஸ் நேரத்தில் போன் போட்டுச் சொல்லவேண்டும். ரொம்ப வருஷம் கழித்து, ஒரு இயற்பியல் கூடத்தில் ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்ததில் காகிதங்களெல்லாம் காணாமல் போய்க்கொண்டிருந்தன. ஒரு பக்கத்தைத் தொட்டால் இன்னொரு பக்கம் திறக்கிற மாதிரி அங்கே ஒருத்தர் செய்துவைத்தார். அதை எல்லோருக்கும் சும்மா கொடுத்துவிட்டார்கள். அதற்கு மேல்தான் ஊர் உலகமே உள்ளே வந்தது.

பூட்டு ஏன் இல்லை என்றால், முதலில் இருந்தவர்கள் எல்லோரும் ஒருத்தருக்கொருத்தர் தெரிந்தவர்கள். துண்டுகள் தொலையாமல் போய்ச் சேரவேண்டுமே என்பதுதான் அவர்கள் கவலை. நடுவில் ஒரு கெட்டவன் உட்காருவான் என்று பெரிதாக யோசிக்கவில்லை. அதில் என்ன தப்பு? உன் கல்யாணத்துக்கு நான் ஒரு குடும்ப ஆல்பம் போட்டுக் கொடுத்தேனே, நம் எல்லோர் போனிலும் எடுக்கிற படம் தானாக அதில் போய் விழுமே, அதற்கு நான் பூட்டா போட்டேன்? தெரிந்தவர்களுக்குள் பூட்டு எதற்கு?

நீ முதலில் தபால் பெட்டிக்கு ஒரு பூட்டு வாங்கு.

அண்ணன்

*

மார்ச் 27

சுண்டெலி,

இது என் 3. உன் 3 இன்னும் வரவில்லை. என் 2 ஆறு பக்கம், படித்து முடிக்கவே உனக்கு ஒரு வாரம் ஆகும் என்று அண்ணி கேலி செய்கிறாள்.

இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. மாப்பிள்ளை நேற்று போன் பண்ணினார். சும்மா பேசிக்கொண்டிருந்தவர் நடுவில், "ஈரத்துல நின்னு வேலை பாக்குறவங்களுக்குக் கால் எரியுமாமே மச்சான், அதுக்கு எண்ணெய் போட்டா போதுமா?" என்று கேட்டார். அவர் கடையில் யாருக்கோ போலிருக்கிறது. வைத்தியம் பார்க்கச் சொன்னேன்.

பதில் போடு. கொஞ்சம் கவலையாக இருக்கிறது.

அண்ணன்

*

ஏப்ரல் 1

அண்ணா,

இது என் 3. உன் 3 வந்தது. உன் 2 வரவில்லை.

ஒன்று வந்தது, மூன்று வந்தது, இரண்டைக் காணோம். தபால் பெட்டிக்கு முன்னால் உன் கவரைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். சூப்பர்வைசர் அக்கா குரல் காதுக்குள் கேட்டது. துணி தானாக நடந்து போகாது.

பாதம் எரிகிறது என்று நான் எழுதியது உனக்கு மட்டும். எண்ணெய் தடவுகிறேன் என்று எழுதியதும் உனக்கு மட்டும். அவன் கடையில் யாரும் ஈரத்தில் நிற்பதில்லை, அண்ணா. அது பிளாஸ்டிக் சாமான் கடை. நீ சொன்னாயா? அண்ணி சொன்னார்களா? சத்தியமாகச் சொல்.

இன்றைக்கு மதியமே கிளம்புகிறேன். சம்பளம்கூட வாங்கவில்லை. படியில் இறங்கும்போது எதிர்ப் பக்கத்தைப் பார்க்கப் பயமாக இருக்கிறது, பார்க்காமல் போகவும் பயமாக இருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

இனிமேல் அந்த நின்றுபோன கடிகாரத்துக்கு எழுது. வியாழக்கிழமை வியாழக்கிழமை வந்து கேட்பேன்.

தங்கச்சி

*

ஏப்ரல் 5

சுண்டெலி,

இது என் 4. உன் 3 வந்தது. இதைத் தபாலில் போடப்போவதில்லை. நானே கொண்டுவந்து உன் கையில் கொடுக்கப்போகிறேன்.

நானும் சொல்லவில்லை, அண்ணியும் சொல்லவில்லை. உன் 3 வந்தவுடன் படித்தேன். எரிப்பதற்காகக் கொல்லைப்பக்கம் போனேன். தகர டப்பாவைத் திறந்தேன், தீப்பெட்டியை எடுத்தேன். என் இடது கை கடிதத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்கிறது, வலது கை போனை எடுக்கிறது. படம் எடுக்கப்போகிறேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது, அப்படியே நிறுத்திவிட்டேன். கழற்றுவதற்கு முன்னால் ஒன்று, எரிப்பதற்கு முன்னால் ஒன்று. உன் 1-ஐயும் அப்படித்தான் எடுத்திருக்கிறேன், 2-ஐயும் எடுத்திருக்கிறேன். கவரின் பின்பக்கத்தையும் எடுத்திருக்கிறேன், லேபிள் எடுக்கிற பழக்கத்தில்.

போனில் ஆல்பத்தைத் திறந்து பார்த்தேன். ஒயர், ஒயர், ஒயர், நடுவில் உன் கையெழுத்து. படத்துக்குக் கீழே பார்த்தவர்கள் என்று ஒரு வரி வரும். அதில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அது அண்ணியுடையது இல்லை.

கம்பிக்குக் கண் கிடையாது என்று உனக்கு எழுதினேன். கண் நான்தான். அவன் எங்கேயும் தேடி அலையவில்லை, வீட்டில் உட்கார்ந்தபடி என் போனைப் படித்திருக்கிறான். விலாசம் கிடைத்ததும் உன் பூட்டு உடைந்த பெட்டியிலிருந்து என் 2-ஐ எடுத்ததும் அவனாகத்தான் இருக்கவேண்டும். அவனுக்கு நான் பிஸ்கட் வைத்தேன்.

ஆல்பத்தை அழித்துவிட்டேன். என் பக்கத்தில் அழிந்தது, அவ்வளவுதான் சொல்லமுடியும். அவன் தன் போனில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தால் அதை நான் தொடமுடியாது. இருபது வருஷம் இதே வேலை பார்க்கிறேன், என்னால் முடியவில்லை.

இன்னொன்று. உன் 2-இல் தபால் நிலையத்தை எழுதியிருந்தாய். ஊர்ப் பெயர் இல்லை என்று நீ நினைத்தாய், நானும் நினைத்தேன். அப்பா அந்தப் பெட்டிக் கதையைச் சொல்லாத பந்தி உண்டா? கல்யாணத்தன்றைக்கு மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து ஊர்ப் பெயரோடு சொன்னார். எல்லோரும் சிரித்தோம். நீயும் சிரித்தாய்.

அதனால்தான் வருகிறேன். ஒரு செய்தியைக் கண் இமைக்கும் நேரத்தில் உலகத்தின் அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை எனக்கு. உனக்கு ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வழி இல்லை. ரயில் ஏறத்தான் வேண்டும்.

ஏப்ரல் 9, வியாழன்

காலையில் கதவு திறந்ததிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கடிகாரம் இன்னும் ஓடவில்லை. கவுன்டரில் இருந்த அம்மாவிடம் இதைக் கொடுத்துவிட்டுப் போக மனம் வரவில்லை, உன் இந்தப் பெயர் அவனுக்கும் தெரியும் இல்லையா? ஐந்து மணிக்கு ஷட்டரை இறக்கினார்கள். நீ வரவில்லை. உன்னை அவன் பிடித்துவிட்டானா, நீ பயந்து வரவில்லையா, ஒன்றும் தெரியாமல் கவரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பிப் போகிறேன். யாரிடம் போய்க் கேட்பேன்.

*

ஏப்ரல் 12

அண்ணா,

இது என் 4. இதை வீட்டுக்கு அனுப்பவில்லை, உன் பெயர்ப்பலகை இல்லாத கட்டடத்துக்கு அனுப்புகிறேன். அங்கேயே படி. அங்கேயே கிழித்துவிடு.

நான் வந்தேன். தெருவுக்கு எதிர்ப் பக்கம் செருப்புக் கடை இருக்கிறதே, அதற்குள் நின்று செருப்பு போட்டுப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். நீல முழுக்கைச் சட்டை, கையில் ஒரு கவர். முன்னால் முடியே இல்லை உனக்கு. எனக்கு ஓடிவந்து உன் மேல் சாய்ந்துகொள்ளவேண்டும் போல இருந்தது. ஒரு காலைப் படியில் வைத்துவிட்டேன்.

அப்போதுதான் பார்சல் வரிசையைப் பார்த்தேன். உனக்குப் பின்னால், ஐந்தடிகூட இருக்காது, கையில் ஒரு சின்ன டப்பாவை வைத்துக்கொண்டு நிற்கிறான். முன்னால் இருப்பவர்கள் நகர்ந்தால் அவன் கடைசிக்குப் போய் மறுபடி நிற்கிறான். வாசலைப் பார்க்கவில்லை. உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நான் வந்தால் உன் முகம் மாறும், அது போதும் அவனுக்கு.

நீ ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை, அண்ணா.

கடைக்காரர், "என்னம்மா, அளவு சரியில்லையா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பின்வாசல் வழியாக அனுப்பிவைத்தார். நல்ல மனுஷன்.

உன் கையிலிருந்த கவர் உன் 4 என்று நினைக்கிறேன். எனக்கு வரவில்லை. வந்துதான் தெரியவேண்டும் என்று இல்லை. மூன்று நாளாக யோசித்தேன். அந்தத் தபால் நிலையம் எது என்று நான் எழுதியது ஒரே ஒரு தடவை, என் 2-இல். நீ எரித்தாய் என்று எழுதினாய், நீ பொய் சொல்லமாட்டாய். எரிப்பதற்கு முன்னால் என்ன செய்திருப்பாய் என்று நீயே உன் 1-இல் எழுதியிருக்கிறாய், குக்கர் மூடி வரைக்கும். உன் படங்கள் எங்கே போய் விழும் என்பதும் எனக்குத் தெரியும், அந்த ஆல்பத்தில் என் கல்யாணப் படமும் இருக்கிறது.

உன் மேல் கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் நீ வேண்டுமென்று செய்யவில்லை என்பதும் தெரியும். நீ ரயிலேறி வந்து ஒரு நாள் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இனிமேல் விலாசம் கிடையாது. நீ எனக்கு எழுதாதே. நான் உன் கட்டடத்துக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு அஞ்சலட்டை போடுவேன், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெட்டியில். நம்பர் மட்டும் இருக்கும். வந்தால் நான் இருக்கிறேன் என்று அர்த்தம். நீ நம் வீட்டில் வாங்குகிற பேப்பரில் ஞாயிற்றுக்கிழமை காணவில்லை பகுதியில் வந்த நம்பரை மட்டும் ஒரு வரி விளம்பரமாகக் கொடு. அந்தப் பேப்பர் எல்லா ஊரிலும் வருகிறது. யார் வாங்கினாலும் யாருக்கும் சந்தேகம் வராது.

நீ சொல்லிக்கொடுத்ததுதான். வந்ததா, வந்தது. இப்போதைக்கு இது போதும்.

தங்கச்சி

*

அஞ்சலட்டை, ஏப்ரல் 27

5

*

காணவில்லை பகுதி, ஞாயிறு, மே 3

5 வந்தது.

*

அஞ்சலட்டை, ஜூலை 20

10

*

காணவில்லை பகுதி, ஞாயிறு, ஜூலை 26

10 வந்தது.

*

அஞ்சலட்டை, ஆகஸ்ட் 17

12

*

காணவில்லை பகுதி, ஞாயிறு, ஆகஸ்ட் 23

12 வந்தது. 11 வரவில்லை.

*

காணவில்லை பகுதி, ஞாயிறு, ஆகஸ்ட் 30

11 வரவில்லை.

*

காணவில்லை பகுதி, ஞாயிறு, செப்டம்பர் 6

11 வரவில்லை. 13-ம் வரவில்லை. தகவல் தரவும்.

*

அஞ்சலட்டை, செப்டம்பர் 9

11, மறுபடி. காய்ச்சலில் படுத்துவிட்டேன், பேப்பர் இன்றைக்குத்தான் பார்த்தேன். இதைப் படம் எடுக்காதே.